ஸ்கிரிப்ட் ஓடி முடிந்தது, அழைப்பு மட்டும் போகவில்லை: கூட்ட அழைப்பு நிரல்களின் கோளாறுகளும் தீர்வுகளும்

கூட்ட அழைப்புகளை நிரல் எழுதி அனுப்பத் தொடங்குகிறவர்கள் முதலில் அஞ்சுவது சிவப்பு எழுத்தில் வரும் பிழைச்செய்திக்கு. அது வந்தால் பாதி வேலை முடிந்தது என்றே கொள்ளலாம். எந்த வரியில் கோளாறு என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஆளைப் படுத்துவது வேறொன்று. ஸ்கிரிப்ட் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஓடி முடியும், உங்கள் நாள்காட்டியில் கூட்டம் உரிய இடத்தில் உட்கார்ந்திருக்கும், குறித்த நேரத்தில் இணைப்பில் நீங்கள் மட்டும் தனியாகக் காத்திருப்பீர்கள்.

இந்த வகைக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். உங்கள் நாள்காட்டியில் இருக்கும் பதிவு வேறு, மற்றவர்களுக்குப் போகும் அழைப்பு வேறு. கையால் செய்யும்போது ‘அனுப்பு’ பொத்தான் இரண்டையும் ஒரே அழுத்தில் முடித்துவிடுவதால் அந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை. நிரலிலோ இரண்டையும் தனித்தனியே கேட்டு வாங்க வேண்டும். எந்த அறிகுறியைக் கண்டாலும் ‘கெட்டிருப்பது பதிவா, அழைப்பா?’ என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும்.

இங்கே மூன்று வழிகளைச் சேர்த்தே பேசுகிறேன்: விண்டோஸில் நிறுவப்பட்ட அவுட்லுக்கை விபிஏ (ஆஃபீஸ் செயலிகளுக்குள் எழுதும் நிரல்மொழி) அல்லது பவர்ஷெல் (விண்டோஸின் கட்டளை மொழி) கொண்டு இயக்குவது, கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் அல்லது கூகுள் நாள்காட்டியின் ஏபிஐ (நிரல்கள் நேரடியாகப் பேசுவதற்கான வாசல்), பைத்தான் போன்ற மொழியில் ஐசிஎஸ் கோப்பை (எல்லா நாள்காட்டிகளும் படிக்கும் பொது வடிவக் கோப்பு) உருவாக்கி மின்னஞ்சலில் அனுப்புவது. மைக்ரோசாஃப்ட் 365க்கான ஏபிஐயாகிய மைக்ரோசாஃப்ட் கிராஃப் ஆங்காங்கே தலைகாட்டும்.

சோதிக்கும் முன் ஓர் எச்சரிக்கை. அழைப்பை உங்கள் முகவரிக்கே அனுப்பிச் சோதிக்காதீர்கள். கூட்டத்தை அழைப்பவரும் அழைக்கப்படுபவரும் ஒருவராக இருந்தால் அழைப்பு மடல் வராது. நிரல் சரியாக இருந்தும் கெட்டுவிட்டதாகத் தோன்றும். உங்களுக்கே சொந்தமான இரண்டாவது முகவரி ஒன்று இதற்கென்று இருக்கட்டும். பட்டியலிலும் ஒரே ஒரு வரிசையை மட்டும் விட்டுவைத்துச் சோதியுங்கள்.

என் நாள்காட்டியில் இருக்கிறது, யாருக்கும் போகவில்லை

அவுட்லுக்கில் ‘கிரியேட்ஐட்டம்’ கட்டளைக்கு 1 என்ற எண்ணைக் கொடுத்தால் கிடைப்பது கூட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். கிடைப்பது வெறும் சந்திப்புக் குறிப்பு. அதைக் கூட்டமாக மாற்றுவது ‘மீட்டிங்ஸ்டேட்டஸ்’ என்னும் பண்பு. அதன் இயல்பு மதிப்பு 0. அதை 1 ஆக்கிய பிறகுதான் அந்தக் குறிப்புக்குப் பெறுநர் என்ற பேச்சே வருகிறது. கடைசி வரியில் ‘சேவ்’ இருக்கிறதா ‘சென்ட்’ இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘சேவ்’ மட்டும் இருந்தால் அது கடிதம் எழுதி, உறையில் போட்டு, முகவரியும் எழுதி, மேசையிலேயே வைத்துவிட்ட கதை.

ஊகிக்க வேண்டிய அவசியமில்லாமல் இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. ‘சென்ட்’ இருக்கும் இடத்தில் தற்காலிகமாக ‘டிஸ்ப்ளே’ என்று மாற்றி ஓட்டுங்கள். சாளரம் திறக்கும். அதில் பெறுநர் வரியும் அனுப்பும் பொத்தானும் இருந்தால் நிரல் கூட்டத்தைத்தான் உருவாக்கியிருக்கிறது. ‘சேமித்து மூடு’ மட்டும் இருந்தால் மீட்டிங்ஸ்டேட்டஸ் விட்டுப்போயிருக்கிறது. அவுட்லுக் நிரல்களில் எந்தக் கோளாறு வந்தாலும் நான் முதலில் செய்வது இந்த மாற்றத்தைத்தான்.

கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் ‘கிரியேட்ஈவென்ட்’ கட்டளையோடு ‘கெஸ்ட்ஸ்’ கொடுத்தால் விருந்தினர்கள் பதிவில் சேர்வார்கள், ஆனால் மடல் போகாது. ‘சென்ட்இன்வைட்ஸ்’ என்ற தேர்வைத் தனியாக ‘ட்ரூ’ என்று தர வேண்டும். இயல்பில் அது ‘ஃபால்ஸ்’. ஏபிஐ வழியாகப் போகிறவர்களுக்கு அதே வேலையைச் செய்வது ‘சென்ட்அப்டேட்ஸ்’ என்ற அளவுரு. அதற்கு ‘ஆல்’ என்று கொடுங்கள். கிராஃப் இதற்கு நேர்மாறு: பங்கேற்பாளர்களோடு பதிவை உருவாக்கினாலே அழைப்பும் கிளம்பிவிடும். கூகுளில் பழகிய கை கிராஃபில் சோதனை ஓட்டம் நடத்தினால் அலுவலகம் முழுக்க ‘சோதனை 1’ என்ற கூட்டத்துக்கு அழைப்பு போயிருக்கும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் போகவில்லை என்றால் அவுட்லுக்கின் அவுட்பாக்ஸைத் திறந்து பாருங்கள். அவுட்லுக் மூடியிருக்கும் நிலையில் பவர்ஷெல் அதைத் தட்டியெழுப்பி, ‘சென்ட்’ சொன்ன கையோடு ‘க்விட்’டும் சொன்னால், மடல் வெளியேறும் முன் கதவு சாத்தப்படுகிறது. ‘சென்ட்அண்ட்ரிசீவ்’ கட்டளையைக் கொடுத்து, அவுட்பாக்ஸ் காலியாகும் வரை காத்திருந்து, பிறகு மூடுங்கள். ‘க்விட்’ வரியையே எடுத்துவிட்டாலும் குடிமுழுகிப் போகாது.

சிலருக்கு வந்தது, சிலருக்கு வரவில்லை

பிரிப்புக்குறியில் தொடங்குங்கள். அவுட்லுக்கின் ‘ரிக்கொயர்டுஅட்டென்டீஸ்’ அரைப்புள்ளியால் பிரிக்கும். ஆப்ஸ் ஸ்கிரிப்டின் ‘கெஸ்ட்ஸ்’ காற்புள்ளியால் பிரிக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நிரலை மாற்றியவர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். அவுட்லுக்கில் அந்தச் சரத்தையே மறந்துவிட்டு, ‘ரெசிபியண்ட்ஸ்’ தொகுப்பில் ஒவ்வொருவராகச் சேர்ப்பது நல்லது. அப்போது அவரவர் வகையையும் குறிக்கலாம்: 1 கட்டாயம், 2 விருப்பம், 3 அறை போன்ற வளம். கூட்ட அறையின் பெயரை இடம் என்ற புலத்தில் எழுதிவிட்டு அறை பதிவாகவில்லை என்று வருந்துகிறவர்கள், அந்த அறையின் முகவரியை 3 ஆகச் சேர்க்க மறந்தவர்கள்.

சேர்த்த பிறகு ‘ரிசால்வ்ஆல்’ அழைத்து, அது தரும் விடையைப் பாருங்கள். பலரும் அழைக்கிறார்கள், விடையைப் பார்ப்பதில்லை. ‘ஃபால்ஸ்’ வந்தால் யாரோ ஒருவரின் பெயர் முகவரிப் புத்தகத்தில் பொருந்தவில்லை, அல்லது இருவருக்குப் பொருந்துகிறது. பெயரை விட்டுவிட்டு முழு மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் இந்தத் தொல்லை பெருமளவு நீங்கும். முகவரியும் சரியாகத்தான் தெரிகிறது என்றால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டியிருக்கலாம். இணையப் பக்கத்திலிருந்து எக்செல்லுக்கு ஒட்டிய முகவரிகளின் பின்னால் 160ஆம் எண் எழுத்து தொங்கிக்கொண்டிருக்கும். பார்வைக்கு அது இடைவெளிதான். விபிஏயின் ‘ட்ரிம்’ அதைத் தொடாது. முதலில் ‘ரீபிளேஸ்’ கொண்டு அதை நீக்கிவிட்டு, பிறகு ‘ட்ரிம்’ செய்யுங்கள்.

கூகுள் நாள்காட்டி பயன்படுத்துகிறவர், தெரிந்தவரிடமிருந்து வரும் அழைப்புகளை மட்டும் நாள்காட்டியில் சேர்க்கும்படி அமைத்திருக்கலாம். அப்போது மடல் வரும், நாள்காட்டியில் இருக்காது. உங்கள் நிரலில் தேடிப் பயனில்லை. சேவைக் கணக்கு (ஆளுக்கு அல்லாமல் நிரலுக்கென்றே உள்ள கணக்கு) வழியாக அழைப்பு அனுப்ப முயன்று 403 பிழை வந்தால், அந்தக் கணக்குக்கு டொமைன் முழுமைக்குமான பிரதிநிதித்துவ உரிமை, அதாவது நிறுவனத்தின் பயனர்கள் பெயரில் இயங்கும் உரிமை, தரப்படவில்லை என்று பொருள். நிர்வாகி அதைத் தர வேண்டும், நிரலும் ஒரு பயனரின் பெயரில் இயங்க வேண்டும்.

நேரம் தப்பாகப் போகிறது

இங்கே நிதானமாக நிற்க வேண்டும். ‘எவ்வளவு தப்பு?’ என்ற கேள்விக்கான விடையிலேயே காரணம் இருக்கிறது. அதனால் நிரலைத் திறக்கும் முன் ஒரு காகிதத்தில் இரண்டு நேரங்களையும் எழுதி, வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள்.

மாதமும் நாளும் இடம் மாறியிருந்தால்: 05/06/2025 என்பதை நீங்கள் ஜூன் 5 என்று எழுதினீர்கள், கணினி மே 6 என்று படித்தது. இதில் உள்ள நயவஞ்சகம் என்னவென்றால், 13ஆம் தேதி முதல் எல்லாம் சரியாக இருக்கும். விபிஏயின் ‘சிடேட்’ கணினியின் வட்டார அமைப்பைப் பின்பற்றுகிறது; 13ஆவது மாதம் என்று ஒன்று இல்லை என்று கண்டதும் சத்தமில்லாமல் வரிசையை மாற்றிப் படித்துவிடுகிறது. அதனால் மாதக் கடைசியில் சோதித்தவருக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும், அடுத்த மாதத் தொடக்கத்தில் குழப்பம் வெடிக்கும். சரத்தைத் தேதியாக மாற்றும் பழக்கத்தையே கைவிட்டு, ‘டேட்சீரியல்’ கட்டளைக்கு ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று எண்களாகக் கொடுங்கள்.

சரியாக ஒரு மாதம் தள்ளிப்போனால்: ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்பது ஜாவாஸ்கிரிப்ட், அதில் எண்களாகத் தேதி கொடுக்கும்போது ஜனவரிக்கு 0. 6 என்று எழுதினால் ஜூலை.

உங்கள் ஊர் நேரத்துக்கும் உலகப் பொது நேரமாகிய யுடிசிக்கும் உள்ள இடைவெளி அளவுக்குத் தப்பினால்: நேர வலயக் குறி இல்லாமல் நேரம் பயணம் செய்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் ‘2025-06-05’ என்று தேதியை மட்டும் சரமாகக் கொடுத்தால் அது யுடிசி நள்ளிரவாகக் கொள்ளப்படும். அதோடு நேரத்தையும் சேர்த்து, கடைசியில் வலயக் குறி இல்லாமல் கொடுத்தால் உள்ளூர் நேரமாகக் கொள்ளப்படும். ஒரே சரத்தின் நீளத்தைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. யார் கண்ட விதியோ, ஆனால் விதி அதுதான். ஆப்ஸ் ஸ்கிரிப்டில் ‘உள்ளூர்’ என்பதும் உங்கள் ஊர் அல்ல, ஸ்கிரிப்ட் திட்டத்தின் அமைப்பில் குறித்த வலயம். விரிதாளுக்கு ஒரு வலயம், ஸ்கிரிப்டுக்கு ஒன்று, நாள்காட்டிக்கு ஒன்று என மூன்று இடங்களில் அது தனித்தனியே இருக்கிறது. மூன்றும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கிராஃபில் பதிவுகளைப் படிக்கும்போது, வேறு வலயம் வேண்டும் என்று ‘ப்ரிஃபர்’ தலைப்பில் கேட்காவிட்டால் நேரம் யுடிசியில்தான் வரும். படித்ததை அப்படியே உள்ளூர் நேரமாகத் திருப்பி எழுதினால், ஒவ்வொரு திருத்தத்திலும் கூட்டம் நகர்ந்துகொண்டே போகும்.

ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் ஒரு மணி நேரம் தப்பினால்: கோடைகால நேர மாற்றம் உள்ள வட்டாரத்தில் இருப்பவர்களுக்கான தொடர் கூட்டத்தை யுடிசியில் பதிந்திருக்கிறீர்கள். தொடர் கூட்டங்களுக்கு வலயத்தின் பெயரையே கொடுங்கள். கூகுள் ஏபிஐ தொடர் கூட்டங்களுக்கு அதைக் கட்டாயமாகவே கேட்கிறது.

முழுநாள் நிகழ்வு ஒரு நாள் குறைந்தால்: முடியும் தேதி கணக்கில் சேராது. ஜூன் 5, 6 இரண்டு நாளும் என்றால் முடிவு ஜூன் 7. ஐசிஎஸ் கோப்பிலும் கூகுளிலும் கிராஃபிலும் இதே வழக்கம்.

சில நிமிடங்கள் மட்டும் தப்பினால்: வியப்பாக இருக்கும், ஆனால் நடக்கிறது. கூகுள் விரிதாளில் நேரம் மட்டும் உள்ள கட்டத்தை ஸ்கிரிப்ட் படிக்கும்போது அது 1899 டிசம்பர் 30 என்ற தேதியோடு வருகிறது. அந்த ஆண்டில் பல வலயங்களின் இடைவெளி இன்றைய முழு மணி, அரை மணிக் கணக்கில் இல்லை. ‘ஆசியா/கொல்கத்தா’ வலயத்துக்கு 1905 முடியும் வரை நேர வலயத் தரவுத்தளத்தில் இருக்கும் இடைவெளி 5 மணி 21 நிமிடம் 10 விநாடி. இன்றைய ஐந்தரை மணிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடுதான் அந்த விந்தையான நிமிடங்கள். தேதிக் கட்டத்தையும் நேரக் கட்டத்தையும் தேதிப் பொருளாகக் கூட்டாமல், ‘கெட்டிஸ்ப்ளேவேல்யூஸ்’ கொண்டு கண்ணில் தெரியும் எழுத்தாக எடுத்து, மணியையும் நிமிடத்தையும் பிரித்து, புதிய தேதியைக் கட்டுங்கள்.

ஒரே கூட்டத்துக்கு இரண்டு, மூன்று அழைப்புகள்

பட்டியலில் பாதி வரை ஓடி நிரல் நின்றது, மீண்டும் ஓட்டினீர்கள், முதல் பாதியினருக்கு இரண்டாவது அழைப்பு. ஒவ்வொரு வரிசையையும் அனுப்பிய உடனே ‘அனுப்பியாயிற்று’ என்று அதே வரிசையில் எழுதிவிடுங்கள். எல்லாவற்றையும் அனுப்பிவிட்டுக் கடைசியில் மொத்தமாகக் குறிப்பது பயன் தராது. ஆப்ஸ் ஸ்கிரிப்டில் எழுத்துகள் சேர்த்துவைத்துத்தான் தாளில் பதியப்படும் என்பதால், குறித்ததும் ‘ஃப்ளஷ்’ சொல்லுங்கள்.

இதைவிட உறுதியான வழி, கூட்டத்துக்கான அடையாளத்தை நீங்களே கொடுப்பது. கூகுள் ஏபிஐ இதை அனுமதிக்கிறது. 0 முதல் 9 வரையான இலக்கங்களும் ஏ முதல் வி வரையான சிறிய ஆங்கில எழுத்துகளும் மட்டுமே இருக்கலாம், குறைந்தது 5 எழுத்து வேண்டும். அதே அடையாளத்தோடு இரண்டாம் முறை உருவாக்க முயன்றால் 409 என்ற பிழை வரும். அந்தப் பிழையை வரவேற்று, அடுத்த வரிசைக்குப் போங்கள். கிராஃபில் ‘ட்ரான்ஸாக்ஷன்ஐடி’ இதே காவல் வேலையைச் செய்கிறது.

நிரல் ஒருமுறைதான் ஓடியது, ஆனாலும் இரட்டிப்பா? ஆப்ஸ் ஸ்கிரிப்டில் தூண்டிகளின் (நிரலைத் தானாக ஓட்டிவிடும் அமைப்புகளின்) பட்டியலைத் திறந்து பாருங்கள். தூண்டியை அமைக்கும் செயற்கூற்றை யாரோ இரண்டு முறை ஓட்டியிருப்பார்கள், அல்லது தாளைப் பகிர்ந்துகொண்ட இருவர் தத்தம் பெயரில் ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். மற்றவர் வைத்த தூண்டியை உங்களால் நீக்க முடியாது. அவரிடம்தான் சொல்ல வேண்டும்.

மாற்றினால் புதிய கூட்டமாகப் போகிறது, ரத்து செய்தாலும் அப்படியே இருக்கிறது

அனுப்பிய அழைப்பு இப்போது எதிரே இருப்பவரின் நாள்காட்டியில் வாழ்கிறது. உங்கள் பதிவை அழித்தால் அது அழியாது. ரத்துச் செய்தி என்று ஒன்று தனியாகப் போக வேண்டும். அவுட்லுக்கில் மீட்டிங்ஸ்டேட்டஸை 5 ஆக்கி, ‘சென்ட்’ செய்து, அதன் பிறகு ‘டிலீட்’. வெறும் ‘டிலீட்’ போட்டவரின் கூட்டம் மற்றவர்களின் நாள்காட்டியில் ஆவிபோல் அலைந்துகொண்டிருக்கும். கூகுள் ஏபிஐயில் அழிக்கும் அழைப்பிலும் ‘சென்ட்அப்டேட்ஸ்’ கொடுக்க வேண்டும்.

ஐசிஎஸ் வழியில் போகிறவர்களுக்கு எல்லாம் ‘யுஐடி’ என்னும் கூட்ட அடையாளத்தில் இருக்கிறது. அது மாறினால் புதிய கூட்டம். அது மாறாமல் ‘சீக்வென்ஸ்’ எண் கூடினால் திருத்தம். ரத்துக்கு அதே யுஐடி, ‘மெத்தட்’ புலத்தில் ‘கேன்சல்’. பல எடுத்துக்காட்டு நிரல்களில் யுஐடி ஒவ்வோர் ஓட்டத்திலும் தற்போக்காக உருவாகும். நகலெடுத்தவர்கள் அதைக் கவனிப்பதில்லை. உருவாக்கிய யுஐடியை எங்காவது சேமித்துவையுங்கள்.

ஆப்ஸ் ஸ்கிரிப்டில் ‘கெட்ஐடி’ தருவதும் ஏபிஐ கேட்பதும் ஒன்றல்ல. முன்னதன் வாலில் அட் குறியோடு கூகுள் டாட் காம் என்று இருக்கும். அந்த வாலோடு ஏபிஐயில் தேடினால் ‘கிடைக்கவில்லை’ என்னும் 404 பிழைதான்.

மடலில் இணைப்பாக வருகிறது, ‘ஏற்கிறேன்’ பொத்தான் இல்லை

ஐசிஎஸ் கோப்பின் அமைப்பை 2009இல் வந்த ஆர்எஃப்சி 5545 என்ற இணையத் தர ஆவணம் வகுக்கிறது. அழைப்பு, ஏற்பு, ரத்து என்ற உரையாடலை ஆர்எஃப்சி 5546. அதை மின்னஞ்சலில் அனுப்பும் முறையை ஆர்எஃப்சி 6047. பொத்தான் வராததற்குக் காரணம் பெரும்பாலும் கடைசியில் சொன்னதில் இருக்கிறது. கோப்புக்குள் ‘மெத்தட்’ என்பது ‘ரிக்வெஸ்ட்’ என்று இருந்தால் மட்டும் போதாது. மடலின் அந்தப் பகுதிக்குரிய ‘கன்டென்ட்-டைப்’ வரியிலும் அதே மெத்தட் இருக்க வேண்டும். அந்தப் பகுதி சாதாரண இணைப்பாக இல்லாமல், மடல் உரைக்கு மாற்று வடிவமாகச் சேர்க்கப்பட வேண்டும். மெத்தட் ‘பப்ளிஷ்’ என்று இருந்தால் அது அறிவிப்பு, பதில் கேட்காது. அழைப்பவரின் முகவரியும், மடல் பெறுகிறவரின் முகவரியோடு பொருந்தும் ‘அட்டென்டீ’ வரியும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

தமிழ்த் தலைப்பு கேள்விக்குறிகளாகிறது

விபிஏ எழுதும் சாளரம் யுனிகோடை அறியாது. அதில் தமிழில் தட்டினால் அப்போதே கேள்விக்குறி. சேமித்த பிறகு மீட்க வழியில்லை. தலைப்பை எக்செல் கட்டத்தில் எழுதி அங்கிருந்து படியுங்கள். ஓரிரண்டு சொற்கள்தான் என்றால் ‘சிஎச்ஆர்டபிள்யூ’ கொண்டும் கட்டலாம். ‘க’வின் எண் 2965. ஆனால் அப்படி எழுதிய நிரலை ஆறு மாதம் கழித்து யாரும் படிக்க முடியாது. இன்னொன்று: ‘மெசேஜ்பாக்ஸ்’ காட்டுவதை நம்பாதீர்கள். சரம் சரியாக இருந்தாலும் அது கேள்விக்குறிகளையே காட்டும். கூட்டத்தையே ‘டிஸ்ப்ளே’ செய்து பாருங்கள்.

விண்டோஸ் பவர்ஷெல் 5.1, தொடக்கத்தில் அடையாளக் குறி இல்லாத யுடிஎஃப்-8 கோப்பைப் பழைய குறியீட்டு முறையில் படித்து, தமிழைச் சிதைத்துவிடும். கோப்பை அந்தக் குறியோடு சேமியுங்கள், அல்லது பவர்ஷெல் 7க்கு மாறுங்கள்.

ஐசிஎஸ் கோப்பில் வருவது இன்னும் நுட்பமானது: தலைப்பு முழுக்க நன்றாக இருக்கும், நடுவில் ஓரிடத்தில் மட்டும் ஓர் எழுத்து உடைந்திருக்கும். ஒரு வரி 75 பைட்டுக்கு மேல் போகக்கூடாது, போனால் மடித்து அடுத்த வரியை ஓர் இடைவெளியோடு தொடங்க வேண்டும் என்பது விதி. ‘கூட்டம்’ என்ற சொல்லில் நாம் காண்பது நான்கு எழுத்து. கணினிக்கு அது ஏழு குறியீடு. யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 21. ‘சம்மரி’ என்ற புலப்பெயரும் முக்காற்புள்ளியும் 8 பைட்டை எடுத்துக்கொண்டால் மிச்சம் 67. அது மூன்றால் வகுபடாது. 22 குறியீடுகளுக்குப் பிறகு ஒரு பைட் மிஞ்சும். பைட்டை மட்டும் எண்ணி 75இல் வெட்டும் நிரல், 23ஆவது குறியீட்டைப் பிளந்துவிடும். 75ஐத் தாண்டாமலும் குறியீட்டைப் பிளக்காமலும் மடிக்க வேண்டும். பைத்தானில் ‘ஐகேலண்டர்’ நூலகம் இதைப் பார்த்துக்கொள்கிறது; சரங்களைக் கையால் ஒட்டி ஐசிஎஸ் கட்டுவதை நிறுத்திவிட்டு அதைப் பயன்படுத்துங்கள்.

கையால் ஓட்டினால் வேலை செய்கிறது, தானாக ஓடும்போது இல்லை

விண்டோஸின் பணி அட்டவணையில் ‘பயனர் உள்நுழைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இயக்கு’ என்று வைத்திருந்தால் அவுட்லுக் எழுந்திருக்க அங்கே திரை இல்லை. ஆளில்லாத கணினியில் ஆஃபீஸ் செயலிகளை இப்படி இயக்குவதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. இரவில் ஆளில்லாமல் ஓட வேண்டும் என்றால் அவுட்லுக்கை விட்டு கிராஃபுக்குப் போவதே நியாயம். போனால், செயலி உரிமையில் ஓடும் நிரலுக்கு ‘மீ’ என்ற பாதை பொருந்தாது என்பதை நினைவில் வையுங்கள். எந்தப் பயனர் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

80080005 என்று முடியும் பிழை வந்தால் பவர்ஷெல் நிர்வாகி உரிமையிலும் அவுட்லுக் சாதாரண உரிமையிலும் ஓடுகின்றன. இரண்டையும் ஒரே நிலையில் ஓட்டுங்கள். 429 என்ற பிழை வந்து பொருளையே உருவாக்க முடியவில்லை என்றால், அந்தக் கணினியில் புதிய அவுட்லுக் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் விபிஏயும் கிடையாது, வெளி நிரல்கள் அவுட்லுக்கை இயக்கப் பயன்படும் காம் வழியும் கிடையாது. நிரலில் எதைத் திருத்தியும் பயனில்லை. பழைய அவுட்லுக் வேண்டும், அல்லது கிராஃப்.

ஆப்ஸ் ஸ்கிரிப்டில் ‘ஆன்எடிட்’ என்று பெயர் வைத்தாலே ஓடும் எளிய தூண்டிக்கு நாள்காட்டியைத் தொட உரிமையில்லை. செயற்கூற்றுக்கு வேறு பெயர் வைத்து, நிறுவும் வகைத் தூண்டியாக அமையுங்கள். அது யார் நிறுவினாரோ அவர் பெயரில் ஓடும். அழைப்பும் அவர் பெயரில்தான் போகும். மிகக் குறுகிய நேரத்தில் மிகப் பல நிகழ்வுகளை உருவாக்குவதாகக் கூகுள் கடிந்துகொண்டால், ஒவ்வொரு நிகழ்வுக்கும் இடையில் ‘ஸ்லீப்’ கொண்டு ஒரு விநாடி ஓய்வு கொடுங்கள். பட்டியல் நீளமென்றால் ஓர் ஓட்டத்துக்குரிய 6 நிமிட வரம்பு குறுக்கே வரும். வரிசைதோறும் குறித்துவைத்திருந்தால் அடுத்த தூண்டலில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.